ஈரம் வற்றினால் கோலா

ஆட்டுக் கொத்துக்கறியை மசாலாவோடும் பொட்டுக்கடலை மாவோடும் சேர்த்து அரைத்து, சிறு எலுமிச்சை அளவுக்கு உருட்டி, எண்ணெயில் பொரித்து எடுப்பது கோலா உருண்டை. செட்டிநாட்டு விருந்துகளிலும் மதுரைப் பக்கத்து அசைவ மெஸ்களிலும் பேர்போன பண்டம். வாழைப்பூவிலும் கீரையிலும் கூட கோலா செய்வதுண்டு. ஆனால் அசைவம் சமைக்கும் வீட்டில் வெறுமனே கோலா என்று சொன்னால் அது ஆட்டுக்கறிக் கோலாதான். மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. பிட்டால் உதிரக் கூடாது, மென்றால் நார் தட்டக் கூடாது.

சேர்மானங்கள் எல்லா வீட்டிலும் இருப்பவைதாம். செய்முறையும் நீளமில்லை. இருந்தும் முதல் முறை செய்பவர்களில் பலருக்கு வாணலியில் உருண்டை நிற்பதில்லை. எண்ணெயில் போட்டதும் விரிசல் விட்டு, பூப்போல மலர்ந்து, கடைசியில் வாணலி முழுக்கக் கறித்தூள் மிதக்கும். பழி மசாலாவின் மேல் விழும், அல்லது முட்டை சேர்க்காததன் மேல் விழும். உண்மையான குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர்தான். கொழுப்பில்லாத ஆட்டுக்கறியின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு. தேங்காயில் ஏறக்குறைய பாதி. கோலாவுக்குள் போகும் பொருட்களில் பொட்டுக்கடலையும் காய்ந்த மசாலாவும் தவிர மற்ற எல்லாமே ஈரத்தைக் கொண்டுவருகின்றன. அந்த ஈரத்தை எங்கே வற்றவைப்பது, எங்கே பிடித்துவைப்பது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

கறியை அரைத்து உருட்டிச் சமைக்கும் வழக்கம் மிகப் பழையது. அப்பீக்கியுஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூல், அரைத்த இறைச்சியோடு ஒயினில் ஊறிய ரொட்டியையும் மிளகையும் சேர்த்து உருட்டி, கொழுப்புச் சவ்வில் சுற்றிச் சுடச் சொல்கிறது. ரோமுக்கு மிளகு போனது சேரநாட்டு முசிறி போன்ற துறைகளிலிருந்து. ஆக, அந்த உருண்டையின் காரத்தில் நம் கடற்கரைக்கும் பங்குண்டு. பாக்தாதில் 1226-இல் முகம்மது பின் ஹசன் அல் பக்தாதி எழுதிய சமையல் நூலிலும் கறி உருண்டைகள் வருகின்றன. பாரசீக மொழியில் ‘கூஃப்தன்’ என்றால் இடிப்பது. அந்தச் சொல்லிலிருந்துதான் வட இந்தியக் கோஃப்தாவும், துருக்கியின் கோஃப்தேயும், அரபு நாடுகளின் கஃப்தாவும் பிறந்தன. காஷ்மீரத்து விருந்தில் கடைசியாக வரும் குஷ்தாபா இன்றும் அந்தச் சொல்லின் பொருளுக்கேற்ற இடியல்தான். செம்மறிக் கறியையும் கொழுப்பையும் கல்லின் மேல் வைத்து மரச் சம்மட்டியால் பசையாகும்வரை அடித்து, உருட்டி, தயிர்க் குழம்பில் வேகவைக்கிறார்கள். நம் கறிக்கடைகளில் வழங்கும் ‘கைமா’ கூட அந்தத் திசையிலிருந்து வந்த சொல். துருக்கியர் கொத்துக்கறியை இன்றும் ‘கிய்மா’ என்கிறார்கள். இலங்கையில் டச்சுப் பறங்கியரின் லம்ப்ரைஸ் பொதியைப் பிரித்தால், வாழையிலைக்குள் சோற்றோடு ஃப்ரிக்கடெல் என்ற கறி உருண்டை இருக்கும். 2018-இல் சுவீடன் நாட்டின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கு, தங்கள் புகழ்பெற்ற கறி உருண்டையே மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் துருக்கியிலிருந்து கொண்டுவந்த செய்முறைதான் என்று எழுதி, சொந்த நாட்டு மக்களையே திகைக்கவைத்தது.

இந்தப் பெரிய குடும்பத்தில் கோலாவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஐரோப்பிய உருண்டைகளில் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பிசைகிறார்கள். கறிக்குள் ஈரம் தங்கவேண்டும், உருண்டை மெத்தென்று சாறோடு இருக்கவேண்டும் என்பது அங்கே நோக்கம். கோலாவில் சேர்வது உலர்ந்த பொட்டுக்கடலை மாவு. அதன் வேலை ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது. சாறு சொட்டும் உருண்டையைத் தேடுபவர் கோலாவிடம் வரவேண்டியதில்லை. இது பொரித்த பண்டம், வடைக்குப் பக்கத்து வீட்டுக்காரன்.

கறி வாங்குவது

தமிழ்நாட்டுக் கறிக்கடையில் மட்டன் என்றால் வெள்ளாடாகவும் இருக்கலாம், செம்மறியாகவும் இருக்கலாம். கோலாவுக்கு இரண்டுமே ஆகும். வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு, நார் சற்று அதிகம். செம்மறியில் கொழுப்பு கூட, வாசமும் கூட. ஆட்டுக்கறிக்கே உரிய அந்த வாசம் பெரும்பாலும் கொழுப்பில்தான் இருக்கிறது. மற்ற இறைச்சிகளில் அரிதாக உள்ள கிளைவிட்ட கொழுப்பு அமிலங்கள் சில ஆட்டுக் கொழுப்பில் உண்டு, மூக்கு அவற்றைத்தான் அடையாளம் கண்டுகொள்கிறது. ஆடு முற்ற முற்ற அந்த வாசம் ஏறும். இளம் ஆட்டின் தொடைக்கறி கோலாவுக்கு நல்லது. முன்சப்பையும் தோதுதான், சவ்வை எடுப்பதில் கொஞ்சம் வேலை கூடும்.

கொழுப்பை முழுக்க ஒதுக்கிவிடுவது தவறு. அரைக் கிலோ கறிக்கு 50 கிராம் அளவாவது கொழுப்பு இருக்கட்டும். சோம்பு, பட்டை, கிராம்பின் மணமெல்லாம் எண்ணெயில் கரைபவை. கறிக்குள் கொழுப்பு இருந்தால்தான் மணம் உருண்டைக்குள் தங்கும். கொழுப்பே இல்லாத கறியில் செய்த கோலா பொரித்த கொஞ்ச நேரத்தில் மரத்தூள் போல ஆகிவிடும். மறுபுறம், ஆட்டுக் கொழுப்பு இளகுவதற்கு நம் உடல் சூட்டைவிட அதிகமான சூடு வேண்டும். அதனால்தான் ஆறிய கோலாவைத் தின்றால் மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல இருக்கிறது. கோலாவைச் சுடச்சுடப் பரிமாறுவதற்குக் காரணம் உபசாரம் மட்டுமில்லை.

கறியைக் கடையிலேயே இயந்திரத்தில் அரைத்து வாங்கிவந்துவிட்டால் வேலை மிச்சம் என்று தோன்றும். சிக்கல், வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிக்கும். நம் வீடுகளில் கழுவாமல் கறி அடுப்பேறாது. அரைத்த கறியைக் கழுவினால் அது கடற்பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், எவ்வளவு பிழிந்தாலும் முழுக்க விடாது. “பாய், தொடையில அரைக் கிலோ, எலும்பில்லாம. கொழுப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கட்டும். மெஷின்ல போட வேணாம், துண்டாவே குடுங்க” என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். துண்டுகளைக் கழுவி, வடிதட்டில் போட்டு, அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் ஈரத்தோடு நடக்கும் முதல் சண்டை முடிந்தது. பிறகு சவ்வையும் வெள்ளை நரம்பையும் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, சிறு துண்டுகளாக நறுக்கி மிக்ஸியில் கொத்தவிடலாம். சவ்வை விட்டுவைத்தால் அது பிளேடில் சுற்றிக்கொண்டு மிக்ஸியையும் திணறடிக்கும், பின்னால் பல்லிலும் சிக்கும்.

வேகவைத்தா, பச்சையாகவா

கோலாவில் இரண்டு வழி உண்டு. ஒன்று, பச்சைக் கறியை மசாலாவோடு அரைத்து உருட்டி நேரே பொரிப்பது. மற்றது, கொத்துக்கறியை வதக்கி, நீர் வற்ற வேகவைத்து, ஆறியபின் அரைத்து உருட்டுவது. இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எது அசல் என்று கேட்டால் சமையற்கட்டில் சண்டைதான் வரும். ஆனால் இரண்டும் உள்ளுக்குள் முற்றிலும் வேறு வேறு முறையில் நிற்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், ஒன்றின் அளவை மற்றதற்கு எடுத்துப்போட்டுக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

பச்சைக் கறிக்குத் தானாகவே ஒட்டும் குணம் இருக்கிறது. உப்புப் போட்டுப் பிசையும்போது தசையிலுள்ள மயோசின் என்ற புரதம் கரைந்து கோந்து போல வெளிவரும். கையில் பிசுபிசுவென்று ஒட்டுவது அதுதான். சூடு பட்டதும் அந்தக் கோந்து உறைந்து, கறித் துணுக்குகளைத் தைத்துவிடும். எனவே பச்சைக் கோலாவுக்குப் பொட்டுக்கடலை மாவு குறைவாக இருந்தால் போதும், அரைக் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டியில் நின்றுவிடும். ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஆர்வத்தில் பத்து நிமிடம் பிசைந்தால் கோந்து மிஞ்சிப்போய், உருண்டை ரப்பர் பந்தாகும். உப்பும் மசாலாவும் எங்கும் பரவியதும் கையை எடுத்துவிடவேண்டும். இன்னொன்று, பச்சை இஞ்சி. இஞ்சிச் சாற்றில் கறியின் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. முழுத்துண்டுக் கறிக்கு அது உதவி, அரைத்த கறிக்கு உபத்திரவம். இஞ்சி அரைத்துக் கலந்த பச்சைக் கலவையை மணிக்கணக்காக ஊறவைத்தால் கொழகொழவென்று தளர்ந்துவிடும். பப்பாளிக்காய் சேர்ப்பது இதைவிட மோசம்.

வேகவைத்த கறியில் நிலைமை தலைகீழ். புரதமெல்லாம் ஏற்கெனவே உறைந்துவிட்டது, ஒட்டுவதற்கு அதனிடம் எதுவும் மிச்சமில்லை. உருண்டையைக் கட்டும் பொறுப்பு முழுவதும் பொட்டுக்கடலை, தேங்காய், கசகசா, வேண்டுமானால் கொஞ்சம் முட்டை ஆகியவற்றின் தலையில் விழுகிறது. ஆனால் கறியின் ஈரம் முன்பே வாணலியில் ஆவியாகிவிட்டதால் எண்ணெயில் வெடிக்கும் பயம் குறைவு. கறி வெந்திருக்குமோ இருக்காதோ என்ற கவலையும் இல்லை. எண்ணெய்க்கு வேலை மேலே சிவக்கவைப்பது மட்டும்தான். வீட்டில் முதல்முறை செய்பவர்களுக்கு இந்த வழிதான் ஏற்றது. கீழே வரும் அளவுகள் இதற்கானவை.

பொட்டுக்கடலையைப் பற்றி ஒரு வார்த்தை. கொண்டைக்கடலையைச் சூட்டில் பொரித்துத் தோல் நீக்கியதுதான் பொட்டுக்கடலை, சில ஊர்களில் பொரிகடலை. ஏற்கெனவே வறுபட்டுப் பொரிந்து போனது என்பதால் பச்சை வாடை கிடையாது, ஈரம் பட்டதும் உடனே இழுத்துக்கொள்ளும். கடலைமாவை அதற்குப் பதிலாகப் போட்டால் பச்சை வாசம் உள்ளே நிற்கும், அது வேகும் முன் மேல்தோல் கருகிவிடும். பிரட் தூள் சேர்த்தாலும் உருண்டை நிற்கும். ஆனால் அது கட்லெட் ஆகிவிடும். பொட்டுக்கடலையை வாங்கியபடியே அரைக்காமல், வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் சூடுகாட்டி, ஆறவைத்து, மாவாக அரைத்துச் சலிப்பது நல்லது. டப்பாவில் கிடந்து நமத்துப்போன பொட்டுக்கடலை தானே ஈரம் குடித்து உட்கார்ந்திருக்கும், கறியிடம் அது என்னத்தை உறிஞ்சும்?

அளவும் அரைப்பும்

எலும்பில்லாத கறி அரைக் கிலோ. சின்ன வெங்காயம் 100 கிராம், பொடியாக நறுக்கியது. பூண்டு எட்டுப் பல், இஞ்சி ஒரு அங்குலம், இரண்டையும் தட்டிக்கொள்ளலாம். காய்ந்த மிளகாய் ஏழெட்டு. சோம்பு ஒன்றரைத் தேக்கரண்டி, கசகசா ஒரு தேக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று, ஏலக்காய் ஒன்று. தேங்காய்த் துருவல் 50 கிராம், அதாவது அழுத்தாமல் அள்ளினால் அரைக் கப்புக்குச் சற்று மேல். பொட்டுக்கடலை 80 முதல் 100 கிராம். மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கொத்து, மல்லித்தழை ஒரு பிடி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி. இதில் 22 முதல் 25 உருண்டை தேறும்.

மசாலாவில் தலைவன் சோம்பு. பட்டையும் கிராம்பும் தூக்கலாக விழுந்தால் பிரியாணி வாசம் வந்துவிடும், கோலா வாசம் வராது. காரைக்குடிப் பக்கம் இதோடு கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் சேர்க்கும் வீடுகள் உண்டு. கல்பாசி செடியோ வேரோ இல்லை. பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் ஒருவகைப் பாசிக்காளான். சும்மா முகர்ந்தால் மண்வாசம், எண்ணெயில் பட்டால்தான் அதன் குணம் தெரியும். ஒரு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. மராட்டி மொக்கு இலவ மரத்தின் காய்ந்த மொக்கு. அன்னாசிப்பூ தென்சீனாவையும் வியட்நாமையும் சேர்ந்தது, சோம்பின் மணத்துக்குக் காரணமான அதே வேதிப்பொருள்தான் அதிலும் இருக்கிறது. எனவே அன்னாசிப்பூ சேர்த்தால் சோம்பைக் குறைத்துக்கொள்ளவேண்டும். சிங்கப்பூர், அமீரகம் போன்ற நாடுகளில் கசகசாவுக்குத் தடை இருப்பதால் அங்கே உள்ள தமிழர்கள் முந்திரிப் பருப்பை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். குறையொன்றும் தெரிவதில்லை.

ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், மிளகாய், சோம்பு, கசகசா என்ற வரிசையில் போட்டு, மணம் வந்ததும் தேங்காயைச் சேர்த்து, அதன் ஈரப்பசை போய் லேசாக நிறம் மாறும்வரை வறுத்து இறக்கவேண்டும். ஆறியபின் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளலாம். ‘தண்ணீர் விடாமல்’ என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மிக்ஸி சுற்றாமல் நின்றால் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடும். ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்துவிட்டு மறுபடி சுற்றுவதே வழி.

அகன்ற வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, வெங்காயத்தைப் போட்டு, அது சுருங்கிப் பொன்னிறம் எட்டும்வரை வதக்கி, இஞ்சி பூண்டையும் கறிவேப்பிலையையும் சேர்த்துப் பச்சை வாசம் போனதும் கொத்திய கறி, மஞ்சள்தூள், உப்பு. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. இரண்டு நிமிடத்தில் கறியே நீர்விட்டு அதில் மூழ்கி நிற்கும். பார்த்தால் குழம்பு வைத்தது போலத்தான் இருக்கும். மூடிபோட்டுச் சிறுதீயில் கால்மணி நேரம் வேகவிட்டு, பிறகு மூடியை எடுத்துத் தீயைக் கூட்டிக் கிளறவேண்டும். இங்கே காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். நீர் இருக்கும்வரை களகளவென்று கொதிக்கும் சத்தம். நீர் வற்றி, கறியின் கொழுப்பு மட்டும் மிஞ்சியதும் சத்தம் மாறி, சடசடவென்று வறுபடும் ஒலி கேட்கும். கரண்டியால் கறியை ஒதுக்கினால் வாணலியின் அடியில் கலங்கிய நீர் ஓடாது, தெளிந்த எண்ணெய்தான் கசியும். அப்போது இறக்கலாம். கறி முற்றலாக இருந்தால் குக்கரில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வைக்கலாம்தான், ஆனால் குக்கருக்குள் நீர் வெளியேற வழியில்லை என்பதால் பிறகு வாணலியில் நின்று வற்றவைக்க வேண்டும்.

வதக்கிய கறி முழுக்க ஆறவேண்டும். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் ஆவி மூடியில் மோதித் தண்ணீராகிச் சொட்டும், இவ்வளவு நேரம் வற்றவைத்தது வீண். ஆறியதும் கறியையும் மசாலா விழுதையும் சேர்த்து, பல்ஸ் போட்டு விட்டுவிட்டு அரைக்கவேண்டும். அம்மியில் அரைக்கும்போது குழவி நாரை நசுக்கிப் பிரிக்கிறது. அதனால்தான் அம்மிக் கோலா அவ்வளவு மிருது. மிக்ஸியின் பிளேடு நசுக்காது, வெட்டும். தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி, கொழுப்பு இளகி, கறி களிம்பாகிவிடும். விரலால் தொட்டால் மணல் போலத் தட்டுப்படாமலும், அதேசமயம் சந்தனமாகக் குழையாமலும் இருக்கும் பக்குவத்தில் நிறுத்தவேண்டும்.

அகன்ற தாம்பாளத்தில் கொட்டி, மல்லித்தழை தூவி, பொட்டுக்கடலை மாவை முக்கால் பங்கு மட்டும் முதலில் சேர்த்துப் பிசையலாம். மீதிக் கால் பங்கு கையிருப்பு. மாவு ஈரத்தை இழுக்கக் கொஞ்சம் நேரமாகும் என்பதால், பிசைந்தவுடன் தளர்வாகத் தெரிகிறதே என்று மேலும் மேலும் மாவைக் கொட்டினால் பதினைந்து நிமிடத்தில் கலவை கல்லாகிவிடும். முட்டை கட்டாயமில்லை. சேர்ப்பதானால் அடித்த முட்டையில் பாதி போதும். முட்டையும் முக்கால் பங்கு தண்ணீர்தான். உடைகிறது என்று முழு முட்டையை ஊற்றி, முட்டை ஊற்றியதாலேயே மேலும் உடையவைத்த கதைகள் நிறைய.

உருட்டுவதிலும் ஒரு பதம் உண்டு. உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, ஒரு பிடிக் கலவையை முதலில் முஷ்டிக்குள் இரண்டு மூன்று முறை இறுக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகுதான் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டவேண்டும். மேலே விரிசலே தெரியக் கூடாது. தெரிந்தால் கலவை உலர்ந்திருக்கிறது என்று பொருள், கையை ஈரமாக்கி மறுபடி உருட்டலாம். எலுமிச்சையைவிடப் பெரிதாக வேண்டாம். சில வீடுகளில் உருண்டையை வாழைநாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிப் பொரிக்கும் பழைய வழக்கம் உண்டு. இலையில் வைத்தபின் நாரை உருவிவிட்டுச் சாப்பிடவேண்டும். உருட்டியவற்றைத் தட்டில் பரப்பி, அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் கொழுப்பு இறுகும், மாவும் தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

எண்ணெயில்

கடலை எண்ணெய் கோலாவுக்குப் பொருத்தம். உருண்டை முங்கும் அளவுக்கு எண்ணெய் வேண்டும், சூடு 170 முதல் 175 டிகிரி. வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு துளிக் கலவையைக் கிள்ளிப் போட்டுப் பார்க்கலாம். அடியில் போய்ப் படுத்துவிட்டால் சூடு போதாது. போட்ட மாத்திரத்தில் மேலே துள்ளிக் கறுத்தால் அதிகம். ஒரு நொடி அமிழ்ந்து, சுற்றிலும் நுரை கட்டிக்கொண்டு மிதந்து வந்தால் சரி.

முதலில் ஒரே ஒரு உருண்டை. இதை வெள்ளோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெயில் விட்டதும் அதைச் சுற்றி நுரை பொங்கும். அந்த நுரை முழுவதும் உருண்டையிலிருந்து தப்பும் நீராவி. நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. உள்ளே ஈரம் அதிகமாக இருந்தால் அந்த ஆவி வழி தேடி உருண்டையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். மலர்வதும் உடைவதும் இதனால்தான். வெள்ளோட்ட உருண்டை உடைந்தால் கையிருப்பு மாவில் இரண்டு கரண்டி சேர்த்துப் பிசைந்து, மறுபடி ஒன்றைப் போட்டுப் பார்க்கவேண்டும். உடையாமல் நின்று, ஆனால் பிட்டுப் பார்த்தால் மாவு ருசியும் நெஞ்சை அடைக்கும் உலர்வும் இருந்தால் மாவு மிஞ்சிவிட்டது. அதற்கு ஒரு கரண்டி வதக்கிய வெங்காயமோ இரண்டு தேக்கரண்டி எண்ணெயோ சேர்த்தால் சற்று இளகும். இருபது உருண்டையை ஒரே மூச்சில் வாணலியில் கொட்டியபின் தெரிந்துகொள்வதைவிட ஒன்றைப் பலிகொடுப்பது மேல்.

நிறத்துக்கும் ஈரத்துக்கும் கூட உறவிருக்கிறது. கறியும் மாவும் சிவந்து மணம் பிடிக்க 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மேல்தோலில் ஈரம் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. ஈர உருண்டை வெகுநேரம் வெளிறியே கிடப்பதும், அதற்குள் எண்ணெயைக் குடித்துவிடுவதும் அதனால்தான். ஒரு ஈட்டுக்கு ஐந்தாறுக்கு மேல் போடக் கூடாது. குளிர்ந்த உருண்டைகள் ஒன்றாக விழுந்தால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். போட்டதும் கரண்டியால் கிளறவும் கூடாது. ஒரு நிமிடம் விட்டு, அடிப்பக்கம் தோல் கட்டியபின் மெதுவாகப் புரட்டலாம். வேகவைத்த கறிக் கோலா மூன்று நான்கு நிமிடத்தில் செம்பழுப்பாகிவிடும், நுரையும் அடங்கிவிடும். பச்சைக் கறிக் கோலாவுக்கு மிதமான தீயில் ஆறேழு நிமிடம் வேண்டும். முழுத்துண்டுக் கறியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், அரைத்த கறியில் அது உள்ளே வரை கலந்துவிடும். எனவே நடுப்பகுதி 71 டிகிரியை எட்டியாக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வெப்பமானி இல்லாவிட்டால் ஒன்றைப் பிளந்து பார்த்துவிட்டு அடுத்த ஈட்டுக்குப் போகலாம்.

எண்ணெய்ச் சட்டியைக் கண்டு தயங்குபவர்களுக்குச் செட்டிநாட்டிலேயே ஒரு மாற்றுப் பாத்திரம் இருக்கிறது, குழிப்பணியாரச் சட்டி. குழிக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, உருண்டையை வைத்து, சிறுதீயில் புரட்டிப் புரட்டி எடுத்தால் முக்கால்வாசி மொறுமொறுப்பு வந்துவிடும். குழி உருண்டையைத் தாங்கிப் பிடிப்பதால் உடையும் பயமும் இல்லை. ஏர் ஃப்ரையரிலும் செய்கிறார்கள். அதில் எண்ணெய் பூசாமல் வைத்தால் தோல் வறண்டு போகும்.

குழம்பில் போடுவதானால் பொரித்த உருண்டையைக் கடைசியில் சேர்ப்பது சுலபம். சின்ன வெங்காயம், தக்காளி, மல்லித்தூள், அரைத்த தேங்காய் போட்டுக் குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்தபின் உருண்டைகளை விட்டு, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். குழம்பு சற்று நீர்க்கவே இருக்கட்டும். பொட்டுக்கடலை சும்மா இருக்காது, அரைமணி நேரத்தில் குழம்பை இழுத்துக் கெட்டியாக்கிவிடும். பொரிக்காமல் நேரடியாகக் குழம்பில் வேகவைப்பதற்குப் பச்சைக் கறிக் கலவைதான் சரிப்படும். தளதளவென்று கொதிக்கும் குழம்பில் ஒவ்வொன்றாக விடவேண்டும், மேல்தோல் உறையும்வரை கரண்டி போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்துக் குலுக்கிவிட்டால் போதும். வேகவைத்து அரைத்த கலவையை அப்படிப் போட்டால் அது கரைந்து, கொத்துக்கறிக் குழம்பு என்ற வேறொரு நல்ல பண்டம் கிடைக்கும்.

பொரித்ததைத் தாளில் வடியவிட்டுச் சூட்டோடு பரிமாறவேண்டும். ரசஞ்சோற்றுக்கு இது நல்ல துணை. புளிப்பும் மிளகும் ஆட்டுக் கொழுப்பின் கனத்தை அறுத்துவிடும். பிரியாணிக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கமானாலும் கறியின் மேல் கறியாகிவிடுகிறது.

உருட்டிய கலவையைப் பொரிக்காமல் வைப்பதானால் குளிர்பெட்டியில் ஒரு நாள். அதற்குமேல் என்றால் உருண்டைகளைத் தட்டில் தனித்தனியாக உறையவைத்து, பிறகு பையில் போட்டு உறைபெட்டியில் சேர்த்துவிடலாம். வேகவைத்த கறி உருண்டையை உறைநிலையிலிருந்து எடுத்த கையோடு மிதமான எண்ணெயில் போடுவது நல்லது. வெளியே வைத்து இளகவிட்டால் மேலே பனிநீர் வேர்த்து, மறுபடி பழைய ஈரச் சிக்கல். பொரித்த கோலாவை நம் ஊர்க் கோடை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது. குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். மறுநாள் சூடுபடுத்த மைக்ரோவேவ் ஆகாது, உள்ளிருக்கும் ஈரம் தோலுக்கு ஏறி நமத்துவிடும். பணியாரச் சட்டியில் எண்ணெய் விடாமல் சிறுதீயில் ஐந்து நிமிடம் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். வெள்ளோட்டத்தில் உடைந்து போனவற்றின் தூள் இருந்தால், அதைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கி இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறிவிடலாம்.